கோத்தகிரிக்குச் சேவை செய்யக் குழுவாக வருகிறவர்களுக்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபோன் வரும். “அக்கா, நாளைக்கு நாற்பது பேர் பஸ்ல வர்றோம். ஏதாவது சேவை செய்ய ஒரு இடம் சொல்லுங்க.” திருப்பூரிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ ஒரு பிள்ளை பேசும். அந்தக் குரலில் இருக்கும் ஆர்வம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் என் பதில் ஒன்றுதான்: “நாளைக்கு வேண்டாம் தம்பி. மூணு வாரம் கழிச்சு வாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு பேர் மட்டும் ஒரு நாள் வந்து பார்த்துட்டுப் போங்க.”

நான் கோத்தகிரிப் பக்கம் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலத்தில், எந்த ஹட்டியில், அதாவது எந்தப் படகர் ஊரில், எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார் என்பது எங்களுக்கு அத்துப்படி. அந்தப் பழக்கம் விடவில்லை. இப்போது வெளியூர்க் குழுக்களை இங்கே உள்ள இல்லங்களோடும் சோலைக்காட்டு வேலைகளோடும் சேர்த்துவிடுகிறேன்.

முன்கூட்டியே வந்து கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பரில், ஒரு முதியோர் இல்லத்துக்கு நானே ஒரு குழுவைக் கூட்டிப்போனேன். நூறு கம்பளி கொண்டுவந்திருந்தார்கள். இல்லத்தில் இருந்தது இருபத்திரண்டு பேர். பொறுப்பாளர் அம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது ஸ்டோர் ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே கூரை வரைக்கும் கம்பளி. முந்தைய வருடக் குழுக்கள் கொடுத்தவை. அதே இல்லத்தில் கீசர் கெட்டுப்போய், இரண்டு வாரமாக விறகு வைத்துத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மலைக் குளிரில் வயதானவர்களைக் குளிப்பாட்ட வெந்நீர் இல்லையென்றால் என்ன கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. “என்ன வேணும்?” என்றால் “எதுவானாலும் சரிங்க” என்றுதான் பதில் வரும். கொடுக்க வந்தவரிடம் அது வேண்டாம், இது வேண்டும் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அதனால் வேறு மாதிரி கேளுங்கள். போன மாதம் எதற்கு அதிகம் செலவானது? எது ரிப்பேராகிக் கிடக்கிறது? எந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை? இந்த மூன்று கேள்விக்கு வரும் பதில்கள் உங்களை ஆச்சரியப்படுத்தும். பெரியவர்களுக்கான டயப்பர். காது மிஷினுக்கு பேட்டரி. வழுக்கும் குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. மழைக்கு ஒழுகும் ஷீட். ஒரு இல்லத்தில், “இவங்க கால் நகத்தை யாராவது பொறுமையா வெட்டிவிட்டாப் போதும்” என்றார்கள். அன்றைக்கு வந்த பிள்ளைகளில் இருவர் நர்சிங் படித்தவர்கள். காலை முழுவதும் வெந்நீரில் கால்களை ஊறவைத்து நகம் வெட்டினார்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குச் சின்னக் காயமும் ஆறாத புண்ணாகிவிடும் என்பதால், தெரிந்தவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை அது. உங்கள் குழுவில் எலெக்ட்ரீஷியனோ பிளம்பரோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அன்றைய திட்டத்தையே அவர்களை வைத்துத்தான் போடுவேன்.

பணம் கொடுப்பதாக இருந்தால் இல்லத்தின் வங்கிக் கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள். நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை தரும் பதிவு (80ஜி என்பார்கள்) இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடைக்காது.

குழந்தைகள் இல்லம் என்றால் நான் கொஞ்சம் கண்டிப்பு. படம் எடுத்து வாட்ஸாப்பில் போடக் கூடாது. பராமரிப்பில் உள்ள பிள்ளைகளின் அடையாளம் தெரியும்படி பெயரோ படமோ வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு நாள் மடியில் உட்கார வைத்து விளையாடிவிட்டுப் போனால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் பார்த்திருக்கிறேன். வருடம் முழுக்க வாரம் ஒரு தடவை வீடியோ காலில் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர் முன்வந்தால், நாற்பது பேர் கேக் வெட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம், சோலை வேலை. இங்கே வருகிறவர்கள் அதிகம் கேட்பது மரம் நடுவதைத்தான். தயவுசெய்து மரக்கன்றோடு வராதீர்கள். நீலகிரியின் இயல்பே மேட்டில் புல்வெளி, மலை மடிப்பில் சோலைக்காடு. புல்வெளியைப் பார்த்தால் காலி இடம் மாதிரித் தெரியும். ஆனால் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஓடைக்கு விடுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தோடர்கள் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த புல்வெளிகளில்தான் வெள்ளைக்காரன் காலம் தொட்டு கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில்) நட்டார்கள். அந்தத் தவற்றின் பலனை இன்றைக்கும் அனுபவிக்கிறோம். சோலை மரங்களை மீட்டு வளர்க்கிற வேலை இருக்கிறது. அதை நாற்றங்கால் வைத்து, எந்த மரம் எங்கே என்று தெரிந்தவர்கள் செய்கிறார்கள். அவர்களுக்குக் கை கொடுங்கள். பைகளில் மண் நிரப்புவது, நட்ட கன்றைச் சுற்றிக் களை எடுப்பது, இதெல்லாம் முடிவில்லாத வேலை. ஆள் எப்போதும் பற்றாது.

இன்னொன்று, அந்நியச் செடிகளைப் பிடுங்குவது. உண்ணிச்செடியை (லேண்டானா) மேலாக வெட்டினால் மறுபடி தழைத்துவிடும். மண்ணுக்குக் கீழே கொஞ்சம் தோண்டி, ஆணிவேரை அங்கே அறுத்து, செடியைத் தலைகீழாக நிறுத்திக் காயவிட வேண்டும். பழம் பழுப்பதற்கு முன் செய்தால்தான் பலன். இல்லையென்றால் பறவைகள் விதையை எடுத்துப்போய்ப் பரப்பிவிடும். மண் ஈரமாக இருக்கும் நாட்களில் தோண்டுவது சுலபம், சிரமம் பாதியாகிவிடும். ஆனால் வனத்துறை இடத்தில் ஒரு இலையைத் தொடுவதற்கும் அனுமதி வேண்டும். ரேஞ்ச் அலுவலகத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, இடம், நேரம், ஆட்கள் எத்தனை என்று எழுதி வாங்குங்கள். கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை வெறும் 116 ஹெக்டேர்தான். 2024இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கீழே பல ஊர்களுக்குத் தண்ணீர் அங்கிருந்து வருகிறது. அதன் ஓரத்தில் நிற்கும்போது சத்தம் போட்டுப் பேசவே எனக்கு மனசு வராது.

அனுமதி கிடைக்காத குழுவுக்குச் சாலையோரக் குப்பை இருக்கவே இருக்கிறது. அதிலும் உடைந்த கண்ணாடிதான் எனக்குப் பெரிய கவலை. பாட்டில் சில்லு யானையின் பாதத்தில் ஏறினால் அது நாள்கணக்கில் நொண்டும், புண் புரையோடும். டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டம் 2022இல் முதலில் எங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அதன் பிறகு முழுப் பாட்டில்கள் குறைந்தன. பழைய சில்லுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. அதனால் மெல்லிய ரப்பர் கையுறை வேண்டாம். தடித்த தோல் கையுறையும் மூடிய ஷூவும் வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குத் தனிச் சாக்கு, அதை யாரும் தோளில் தூக்கக் கூடாது, இருவர் பிடித்து எடுத்துவர வேண்டும். மற்ற குப்பைக்கு இன்னொரு சாக்கு. சேர்த்த சாக்குகளை யார் எடுத்துப்போவார்கள் என்று உள்ளாட்சி அலுவலகத்தில் பேசி முடிவு செய்யாமல் ஒரு காகிதத்தைக்கூடப் பொறுக்காதீர்கள். ஒரு முறை பதினான்கு சாக்கு கட்டி ரோட்டோரம் வைத்துவிட்டுப் போனார்கள். வண்டி வரவில்லை. இரவு காட்டுப்பன்றிகள் அத்தனையையும் கிழித்துப் பரப்பிவிட்டன. மறுநாள் நானும் பக்கத்து வீட்டு மாதம்மாவும் பொறுக்கினோம்.

காலை எட்டரைக்கு முன் வேலையைத் தொடங்க வேண்டாம், மூன்றரைக்கு முடித்துவிடுங்கள். தேயிலைக் காட்டுக்குள் காட்டெருமை நின்றால் பத்தடி தூரத்திலும் தெரியாது. கரடியும் உண்டு. ஐந்து ஐந்து பேராகப் பிரியுங்கள், ஒவ்வொரு ஐந்துக்கும் உள்ளூர் ஆள் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். அவர் “நில்லுங்க” என்றால் ஏன் என்று கேட்காமல் நிற்க வேண்டும். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்துவிடுங்கள். அவர் அன்றைக்குத் தோட்ட வேலையை விட்டுவிட்டு வருகிறார்.

பன்னிரண்டிலிருந்து பதினைந்து பேர் சரியான எண்ணிக்கை. நாற்பது பேர் இருந்தால் மூன்று தடவையாக வாருங்கள். இருபத்திரண்டு முதியவர்கள் உள்ள வீட்டுக்குள் நாற்பது பேர் நுழைந்தால் அவர்களுக்கு உட்கார இடமிருக்காது. சாப்பாட்டை இல்லத்துச் சமையல்காரம்மா தலையில் கட்டாதீர்கள். ஊரில் மெஸ்ஸில் முன்னாலேயே சொல்லிவைத்தால் தட்டுவடைக்குக்கூட ஏற்பாடு ஆகும். தட்டும் டம்ளரும் எவர்சில்வரில் கொண்டுவாருங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை உண்டு. சோதனைச் சாவடியில் இறக்கிவிடுவார்கள்.

எந்த மாதம்? கூடலூர், ஊட்டிப் பக்கம் ஜூனில் மழை பிடிக்கும். கோத்தகிரி, குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கனமழை. மண்சரிவு பயமும் அப்போதுதான். ஏப்ரல், மே மாதங்களில் சீசன் கூட்டம். வெளியூர் வண்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். மேட்டுப்பாளையத்திலிருந்து அரசு பஸ்ஸில் ஏறிவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. ரிப்பேர், சுத்தம் செய்யும் வேலைக்கு பிப்ரவரியும் மார்ச்சும் நல்லது. செடி பிடுங்க செப்டம்பர்.

திரும்பிப் போனதும் குழுவில் ஒருவர் ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் கழித்து அந்த இல்லத்துக்கு ஃபோன் போட்டு, போட்ட கம்பி ஆடுகிறதா, கீசர் ஓடுகிறதா என்று விசாரிக்க வேண்டும். அந்தப் பெயரை எழுதி வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏற விடுவேன். போன பிப்ரவரியில் கீசர் மாட்டிய பையன் மார்ச்சில் பேசினான். இல்லத்துப் பாட்டி ஒருவர் ஃபோனை வாங்கி, “வெந்நீ நல்லா வருது சாமி, அந்தச் செவப்பு லைட்டு மட்டும் எரியல” என்றாராம். அவன் ஏப்ரலில் பல்போடு வந்தான்.