தகரம் அடிப்பதற்கு முன்னால்: தொற்றுக் கட்டுப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் நீலகிரி மாவட்டம் கூடலூரில், புதிதாக வேலைக்கு வந்த சுகாதார ஆய்வாளர்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுத்தேன். மதியம் ஒரு கேள்வி கொடுத்தேன். கேரள எல்லையில் இருக்கும் நாடுகாணி செக்போஸ்ட் வழியாக வந்த ஒருவருக்குத் தொற்று உறுதி. அவர் தங்கியிருப்பது எஸ்டேட் லைன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஒன்றில். முதலில் என்ன செய்வீர்கள்? முக்கால்வாசிப் பேர் எழுதிய முதல் வரி ஒன்றுதான்: "அந்தப் பகுதி முழுவதும் சீல் வைக்கப்படும்." 2020-ல், கொரோனா நேரத்தில், நானும் அதையே எழுதினேன். அதையே செய்தும் வைத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முகக்கவசம் மறப்பது, படிவத்தில் போன் நம்பரை விட்டுவிடுவது இதையெல்லாம் சொல்லப்போவதில்லை. இரண்டு நாள் களத்தில் நின்றால் தானாகச் சரியாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் "144 போட்டிருக்கு" என்பது

எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறோம் என்று தெரியாமல் தெருவில் நிற்கக் கூடாது. 1897-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம் பம்பாயில் பிளேக் பரவிய நேரத்தில் அவசரமாகப் போட்ட சின்னச் சட்டம். அதன் 2-வது பிரிவு மாநில அரசுக்கு விதிமுறை வகுக்கும் அதிகாரம் தருகிறது. 2020 மார்ச்சில் வந்த தமிழ்நாடு கோவிட்-19 விதிமுறைகள் அதிலிருந்து பிறந்தவை. நாடு முழுவதுமான ஊரடங்கு அதிலிருந்து வரவில்லை. அது 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2020 மார்ச் 24 அன்று போட்ட உத்தரவு. முகக்கவசத்துக்கு 200 ரூபாய் அபராதம் வாங்கினோமே, அது மூன்றாவது சட்டம்: 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டம், 2020 செப்டம்பரில் செய்த திருத்தம்.

144 என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு. அதுவும் இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 163.

தேதி இல்லாமல் அடைப்பது

இந்தத் தவறை இன்று யாராவது செய்யப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

2020 ஜூலை. குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம், பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு லைன். முதல் வீட்டு டிரைவருக்கு பாசிட்டிவ். 3-ஆம் தேதி அவரை ஆம்புலன்ஸில் அனுப்பினோம். 6-ஆம் தேதி போனில் ஒரு வார்த்தை வந்தது: "மூடிடுங்க." சவுக்குக் கம்பு நட்டு, லைனின் இரண்டு முனையிலும் தகரம் அடித்தோம். உள்ளே ஒரே தண்ணீர்க் குழாய், நான்கு கழிப்பறைகள். நல்ல மழை. தகரத்தின் மேல் விழுந்த சத்தத்தில், உள்ளே இருந்தவர்கள் பேசியது பாதி காதில் விழவில்லை.

எட்டாவது வீட்டுப் பாட்டி, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம், தகர இடுக்கில் முகத்தை வைத்துக் கேட்டார்.

"எத்தனை நாளைக்குத் தம்பி?"

"பதினாலு நாள் பாட்டி."

"எதுலேருந்து பதினாலு?"

"இன்னைலேருந்து" என்றேன்.

அது தப்பான பதில். பதினான்கு நாள் என்ற கணக்கு தகரத்திலிருந்து தொடங்குவதில்லை. அன்றைய கொரோனா உடலுக்குள் போனதிலிருந்து அறிகுறி தெரிய சராசரியாக ஐந்து நாள் ஆனது. ஏறக்குறைய எல்லாருக்கும் பதினான்கு நாளுக்குள் தெரிந்துவிடும். அதனால், நோயாளியோடு கடைசியாகப் பழகிய நாளிலிருந்து பதினான்கு. டிரைவர் போனது 3-ஆம் தேதி என்றால் 17-ஆம் தேதியோடு முடிய வேண்டும். நான் 20 வரை சொன்னேன். 12-ஆம் தேதி பதினோராவது வீட்டில் இன்னொருவருக்கு பாசிட்டிவ் வந்ததும், யார் யாரோடு பழகினார்கள் என்று விசாரிக்காமல், பன்னிரண்டு வீட்டுக்கும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தோம். 26 வரை. பச்சைத் தேயிலை பறித்து நாள்கூலி வாங்கும் குடும்பங்களுக்கு மூன்று வாரக் கூலி போனது.

அதோடு, அடைத்த விதமே தொற்றுக்கு வழி செய்தது. பன்னிரண்டு குடும்பமும் ஒரே குழாயடியில், ஒரே கழிப்பறை வரிசையில். வெளியே இருந்த இன்னொரு குழாய்க்கு நேரம் பிரித்துக் கொடுத்திருந்தாலே கூட்டம் பாதியாகியிருக்கும்.

ஒரு கல்லூரிப் பையன் கேட்டான்: "சார், உத்தரவு நகல் ஒண்ணு கொடுங்க." என்னிடம் நகல் இல்லை. மேலிடத்து உத்தரவு என்றேன். அப்படி ஒரு சட்டம் கிடையாது. கலெக்டர் எழுத்தில் அறிவிக்கும் கட்டுப்பாட்டு மண்டலம் வேறு. அதற்கு எல்லை உண்டு, விலக்குவதற்குத் தனி விதி உண்டு. வீட்டுத் தனிமை வேறு. நாங்கள் செய்தது இரண்டிலும் சேராது.

விலை எங்கே தெரிந்தது என்றால், கீழ் லைனில். காய்ச்சல் வந்தவர்கள் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. சிலரை ராத்திரியோடு ராத்திரியாக மேட்டுப்பாளையம் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முகாம் போட்டோம், மூன்று பேர் வந்தார்கள். அறிகுறி வருவதற்கு இரண்டு நாள் முன்பே பரவத் தொடங்குகிற நோய் அது. ஆட்கள் தாமாக வந்து சொன்னால்தான் பிடிக்க முடியும். அவர்கள் சொல்லாமல் போனதற்கு அந்தத் தகரம்தான் காரணம்.

அறிவியலையும் சட்டத்தையும் தனித்தனிப் பாடமாக எடுக்காதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான். அரசியலமைப்பின் 19-வது பிரிவு நடமாடும் உரிமையைத் தருகிறது. அதே பிரிவு, பொதுமக்கள் நலனுக்காகவோ பழங்குடியினரின் நலனைக் காக்கவோ நியாயமான கட்டுப்பாடு விதிக்கவும் இடம் தருகிறது. தோடர் குடியிருப்பான மந்துக்கும் குறும்பர் ஊருக்கும் வெளியாள் போவதைத் தடுக்க இந்த மலையில் அது பெரிய பலம். ஆனால் "நியாயமான" என்ற சொல்லை நீதிமன்றம் சும்மா விடாது. நோக்கம் சரியானதா, இந்த நடவடிக்கையால் அந்த நோக்கம் நிறைவேறுமா, இதைவிடக் குறைந்த கஷ்டத்தில் அதே பலன் கிடைக்காதா, பலனும் சுமையும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று கேட்கும். நான்கில் எதற்கும் சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. கடைசித் தொடர்பு எந்தத் தேதி, குழாய் எத்தனை, யார் வீட்டில் யார் சாப்பிட்டார்கள் என்ற உங்கள் நோட்டுப் புத்தகம்தான் பதில்.

வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுங்கள். பெயர், காரணம், எந்த உத்தரவின்படி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அரிசி மருந்துக்கு யாரைக் கூப்பிடுவது. ஐந்து வரி போதும்.

வழக்குப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது

அரசு உத்தரவை மீறியதற்கான, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 188-வது பிரிவில் (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 223) நீதிமன்றம் வழக்கை ஏற்க, உத்தரவிட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்துமூலம் புகார் தர வேண்டும். போலீஸ் எஃப்.ஐ.ஆர். மட்டும் போதாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே ஜீவானந்தம் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 60-வது பிரிவும் புகாரைத்தான் கேட்கிறது. ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் 10 லட்சம் இருந்தன. 2021 பிப்ரவரியில் வன்முறை, போலி இ-பாஸ் போன்றவை தவிர மற்றவற்றைக் கைவிடுவதாக அரசே அறிவித்தது. அத்தனை எழுதிய கைகள் தொடர்புப் பட்டியல் எழுதியிருக்கலாம்.

ஊசி போடாவிட்டால் ரேஷன் இல்லை என்று மிரட்டுவது

கூடாது. ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது. பொது நலனுக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அது அளவோடு இருக்க வேண்டும். பழங்குடி ஊர்களில் ஊசி போட வைத்தது மிரட்டல் இல்லை. அவர்கள் மொழி தெரிந்த ஆட்களோடு திரும்பத் திரும்ப நடந்து போனதுதான்.

மனிதர் மேல் கிருமிநாசினி தெளிப்பது

செய்யவே செய்யாதீர்கள்.

ஒரு நோயின் விதியை இன்னொன்றுக்கு ஒட்டுவது

மலப்புரத்தில் நிபா என்றால் நம் செக்போஸ்டில் பரபரப்பு வந்துவிடும். உடனே ஒருவர் கூடலூர் டீக்கடைகளை மூடலாமா என்று கேட்பார். நிபா பழந்தின்னி வௌவாலிடமிருந்து வருவது. மனிதர்களுக்குள் பெரும்பாலும் நோய் முற்றியவரைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கு, நெருங்கிய தொடர்பில் பரவுகிறது. அங்கே டீக்கடையை மூடிப் பலனில்லை. ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர்கள் யார், கேரளா கொடுத்த தொடர்புப் பட்டியலில் நம் பக்கம் வந்தவர்கள் யார் என்று தேடி, 21 நாள் கவனிக்க வேண்டும். செக்போஸ்டில் நெற்றியில் வைக்கும் வெப்பமானி அன்று காய்ச்சல் உள்ளவரை மட்டும்தான் காட்டும். நேற்று தொற்றியவர் சிரித்துக்கொண்டே கடந்து போவார்.

இ-பாஸ்

2020-ல் இருந்தது நோய்க்கானது. இப்போது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கேட்பது, 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி வாகன நெரிசலுக்கானது. பர்லியாறு செக்போஸ்டில் நிற்கும்போது சுற்றுலாப் பயணியிடம் இரண்டையும் கலந்து சொல்லாதீர்கள்.

நகல்

உத்தரவு வந்த அன்றே இரண்டு நகல் எடுங்கள். ஒன்று பையில், பிளாஸ்டிக் உறைக்குள். ஜூலையில் இங்கே காகிதம் ஒரு மணி நேரம் தாங்காது. இன்னொன்றை லைன் முனையில், குழாய்க்குப் பக்கத்தில், தண்ணீர் பிடிக்க வருகிறவர் கண்ணில் படுகிற உயரத்தில் ஒட்டுங்கள்.