ஐந்து லீற்றர் பெற்றோல், ஆறு பேர்: நெருக்கடிக் காலத்தைக் குறும்படமாக்குவது

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன். கடையின் பின்னறையில் எடிட்டிங் செய்கிற கம்ப்யூட்டர் இருப்பதால் குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் அங்கேதான் வந்து கூடுவார்கள். வருகிற கதைகளில் முக்கால்வாசி இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியைப் பற்றியது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, இருட்டு, பசி. ஒரு நல்லவன் இருப்பான், அவனைச் சுற்றி நாடே கெட்டுப்போகும், கடைசியில் அவன் கமராவைப் பார்த்து வசனம் பேசுவான். அந்தக் காலத்தில் ஊரில் இருந்த எவரும் இதை நம்பமாட்டார். ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கு நியாயமாகப்பட்டதைத்தான் செய்தார்கள். அந்த நியாயம் போய் அடுத்த வீட்டில் இடித்தது. பல பேருடைய கதையை ஒன்றாகக் கோர்க்கிற இருண்ட படம் இதைக் காட்டத் தோதான வடிவம். அதைக் கட்டுகிற விதத்தைப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய் எழுதி வைக்கிறேன்.

முதலில் கிழமையைத் தெரிவு செய்யுங்கள். 'பொருளாதார நெருக்கடி' என்று மொத்தமாக எழுதினால் படம் எங்கேயும் நிற்காது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. ஜூன் 26ஆம் திகதி 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயானது. அடுத்த நாள் நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரைக்கும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எண்ணெய். அதற்குப் பிறகுதான் கியூஆர் அட்டை வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கதை. 13 மணித்தியால இருட்டையும் கியூஆர் அட்டையையும் ஒரே நாளில் வைத்தீர்களோ, ஊர்ச் சனம் அந்த இடத்திலேயே படத்தை விட்டுவிடும். நான் இங்கே உதாரணத்துக்கு எடுப்பது அந்த ஜூன் 27 முதல் ஜூலை 10 வரையான இரண்டு கிழமையை. சிலருக்கு மட்டும் சட்டப்படி கிடைக்கிற ஒரு சாமான், மற்ற எல்லாருக்கும் தேவைப்படுகிறது. கதை அங்கேயே பாதி எழுதப்பட்டுவிட்டது.

அடுத்து இடம். மட்டக்களப்பில் இதற்கு நாங்கள் அலையத் தேவையில்லை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஆஸ்பத்திரி, வங்கி, பெரிய கடைகள் பெரும்பாலும் இந்தப் பக்கம். வயலும் மாடும் அந்தப் பக்கம். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதை, அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றுகிற மிதவைப் படகு, ஓடுகிறது. ஓட்டோ, சைக்கிள், அரிசி மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளை, வயல் தண்ணீரைப் பார்க்கிற வட்டவிதானையார் எல்லாம் ஒரே தட்டில் நிற்கிற இடம் அது. கடைசிப் பாதையைத் தவறவிட்டால் பட்டிருப்புப் பாலத்தால் வெல்லாவெளிப் பக்கமாகச் சுற்றிப் போகவேண்டும். சாதாரண நாளில் அது வெறும் அலைச்சல். எண்ணெய் இல்லாத நாளில் அதுவே கதையின் கத்தி. இந்த மாதிரி, ஊரில் ஏற்கெனவே இருக்கிற ஒரு தடையைத் தேடிப் பிடியுங்கள். அம்பாறைப் பக்கப் பிள்ளைகளுக்கு ஆறும் வாய்க்காலும் யானை வருகிற றோட்டும் இருக்கின்றன.

இனி ஆட்கள். தொழிலை வைத்து ஆட்களைத் தெரிவு செய்யாதீர்கள்: ஒரு ஆசிரியர், ஒரு மீனவர், ஒரு விவசாயி என்று அடுக்கினால் அது பாடப்புத்தகப் படம் போலாகிவிடும். யார் யாருக்குக் கடன், அதைப் பாருங்கள். என் உதாரணத்தில் ஆறு பேர். கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்கப் போகிற மிசி (மருத்துவமாது). அத்தியாவசிய சேவை என்பதால் ஸ்கூட்டிக்கு ஐந்து லீற்றர் கிடைத்திருக்கிறது. அவருடைய புருஷன் மேசன். சிமெந்து விலையால் வேலை நின்று மாதக் கணக்காகிறது. பக்கத்து வீட்டு அக்கா நுண்கடன் குழுவுக்குத் தலைவி. குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டவேண்டும். கடன் அறவிட வருகிற பொடியன். வசூல் குறைந்தால் அவன் சம்பளத்தில் கை வைப்பார்கள். மருதமுனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் படுவான்கரைக் கிராமங்களுக்குப் போய்ச் சாரமும் சேலையும் கடனுக்குக் கொடுக்கிற முஸ்லிம் நானா. அவருடைய காசு முழுக்க வாவிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. கடைசியாக மண்டூர்ப் பக்கம் ஒரு கமக்காரன்; 2021 மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, நவம்பரில் அது எடுபட்டும், அந்த மாரிப்போகம் அவருக்கு விளையவில்லை. மகள் நிறைமாதம்.

இந்த ஆறு பேரிலும் வில்லன் இல்லை என்பதைக் கவனியுங்கள். மேசன் ஸ்கூட்டியிலிருந்து இரண்டு லீற்றரை எடுத்து நானாவுக்கு விற்கிறான். அந்தக் காசு கடன் தவணையாகக் குழுத் தலைவி அக்காவின் கைக்குப் போகிறது, அங்கிருந்து பொடியனின் பைக்கு. நானா கூடுதல் விலை கொடுத்த கோபத்தை அடுத்த கரையில் கமக்காரனிடம் பழைய கடனைக் கேட்டுத் தீர்க்கிறார். கமக்காரன் மகளின் பிரசவத்துக்கென்று ஒதுக்கி வைத்ததை எடுத்துக் கொடுக்கிறார். அன்றிரவு மகளுக்கு வலி வருகிறது. ஒரு பத்திரிகைச் செய்தியாக இதை எழுதினால் யாரைக் குற்றம் சொல்வீர்கள்? எழுதத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவருடைய பக்கத்திலும் நின்று, 'நான் என்றாலும் இதைத்தான் செய்திருப்பேன்' என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடியாத ஆள் யாரோ, அவரை இன்னும் சரியாக எழுதவில்லை.

ஆட்களை முடிச்சுப் போடுவதற்கு மூன்று வழி உண்டு. ஒன்று, விபத்து: 2000இல் வந்த 'அமோரெஸ் பெரோஸ்' படத்தில் மெக்சிகோ நகரத்தில் ஒரு கார் மோதல்தான் மூன்று கதைகளையும் தொடுக்கிறது. காசில்லாமல் அதைச் செய்ய முயலவேண்டாம், விபத்துக் காட்சி சிரிப்பாகிவிடும். இரண்டாவது, சங்கிலி. கோரான் பாஸ்கல்யேவிச்சின் 1998 படம் பெல்கிறேட்டில் ஒரே இரவில் நடக்கிறது. ஒருவன் வாங்கிய அடியை அடுத்தவனுக்குக் கொடுக்கிறான். நான் மேலே சொன்ன கதை அந்த வகை. மூன்றாவது, அக்கம்பக்கமாக ஓடவிடுவது. பிரசன்ன விதானகே 2003இல் எடுத்த 'இர மெதியம'வில் காணாமல்போன விமானியைத் தேடுகிற மனைவி, வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டும் நாயைப் பிரிய மனமில்லாத முஸ்லிம் பையன், லீவில் வந்த சிப்பாய் என்று மூன்று கதை. போர் ஒன்றுதான் அவர்களுக்குப் பொது. இதுதான் கஷ்டமானது, ஆனால் செலவு குறைந்தது. சங்கிலியை எடுத்தால் ஒரு கண்ணியைத் தளர்வாக விடுங்கள். மிசியே போய் அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கமுடியாமல் போவது என்று வட்டத்தை மூடினால், எழுதியவனின் கெட்டித்தனம் தெரியும், ஊர் தெரியாது.

ஆட்களை அறிமுகப்படுத்துகிற விஷயத்தில் நம் பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்கம் விடமாட்டேன் என்கிறது. வட்டக்களரியில் ஒவ்வொருவருக்கும் வரவு உண்டு. ராசா வருமுன் கட்டியகாரன் வந்து சொல்லிவிட்டுப் போவான். படத்தில் அப்படி ஆறு வரவு வைத்தால் பத்து நிமிடம் போய்விடும். எல்லாரையும் ஒரே பாதையில் ஏற்றிவிடுங்கள். யார் முக்கியம் என்று பார்ப்பவரே தேடட்டும்.

ஒரு காட்சியை எழுதிக் காட்டுகிறேன். மேசன் கோடிப்புறத்தில் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறான். தாங்கிக்குள் பிளாஸ்டிக் குழாய், மறுமுனை வாயில். இழுக்கிறான், துப்புகிறான், போத்தலுக்குள் விடுகிறான். பிறகு கிணற்றடியில் சவர்க்காரம் போடுகிறான். உள்ளே வந்து மகளுக்கு ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு ஊட்டுகிறான். பிள்ளை ஒரு வாய் வாங்கி முகத்தைச் சுளிக்கிறது. மனைவி பார்க்கிறாள்.

"கைய வடிவாக் கழுவினீங்களா?"

"கழுவிட்டன்."

"திரும்பவும் ஒருக்காக் கழுவுங்க."

அவ்வளவுதான். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நாளைக்குப் புதன்கிழமை, குழுக் கூட்டம் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. பிள்ளைகள் இந்த இடத்தில் ஒரு பெரிய சண்டை வைக்க ஆசைப்படுவார்கள். வைக்காதீர்கள், வைத்தால் அவள் குற்றமில்லாதவள் ஆகிவிடுவாள். கேட்காமல் விட்டதில்தான் அவளுக்கும் பங்கு வருகிறது. வசனம் இந்த நீளத்தில், இந்தப் பேச்சில் இருக்கட்டும். சென்னைப் படத் தமிழில் எழுதி, நடிப்பவர் வாயில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், மாறாது.

நானாவைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும். கறுப்புச் சந்தை என்றதும் ஒரு சனத்தின் பெயரை ஒட்டிவிடுகிற வாய் எங்கள் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. இந்தக் கதையில் அவர் கூடுதல் விலைக்கு வாங்குபவர், விற்பது எங்கள் ஆள். அது மட்டும் போதாது. மற்ற ஐவருக்கும் வீடு காட்டினால் அவருக்கும் வீடு காட்டவேண்டும்: மருதமுனையில் கைத்தறிச் சத்தம் கேட்கிற ஒழுங்கை, கணக்குக் கொப்பியைப் பார்த்து ராத்தா (அக்கா) கேட்கிற ஒரு கேள்வி. எழுதி முடித்த பிறகு மருதமுனை ஆட்கள் இருவரிடமாவது வாசிக்கக் கொடுங்கள். அவர்கள் திருத்துவதைத் திருத்துங்கள். 1990இல் தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு பக்கமும் நடந்த வன்முறையை யாரும் பாதையில் நின்று பேசமாட்டார்கள். ஆனால் யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதில் அது இருக்கும். கமராவை அங்கே வையுங்கள், வசனம் வேண்டாம்.

உண்மையாகக் கஷ்டப்பட்ட ஒருவரின் கதையை அப்படியே எடுப்பதானால் அவரிடம் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். கேட்க வெட்கமாக இருந்தால் எடுக்காதீர்கள்.

படப்பிடிப்புக்கு வருவோம். போன் கமராவே போதும். 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிடுங்கள். இங்கே கரண்ட் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பல்ப் வெளிச்சம் துடிக்காமல் இருக்கும். கரண்ட் இல்லாத இரவைக் காட்ட, அறையை முழு இருட்டாக்கி ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். குப்பி விளக்கைச் சட்டகத்துக்குள் வையுங்கள், ஒரு டோர்ச்சை வெள்ளைச் சுவரிலோ நனையாத வேட்டியிலோ அடித்து அந்தத் தெறிப்பில் முகத்தை எடுங்கள். விளக்கின் நிறத்துக்கு டோர்ச்சின் மேல் மஞ்சள் மிட்டாய்த் தாள் ஒட்டுவது என் வழக்கம். கல்யாண வீடு எடுக்கிற வீடியோக்காரனிடம் இந்த மாதிரி வித்தை நிறைய இருக்கும், வந்து கேளுங்கள்.

பாதையில் எஞ்சின் ஓடும்போது வசனம் பதியவே முடியாது. ஓடும்போது தூரத்துக் காட்சிகளை மட்டும் எடுங்கள். பேச்சை, துறையில் கட்டி நிற்கும்போது, பின்னால் தண்ணீர் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்துவிட்டு எஞ்சின் சத்தத்தை எடிட்டிங்கில் கீழே போடலாம். பாதையை நடத்துபவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், காலை நேரத்தில் போய் மறிக்காதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற நேரம்.

எடிட்டிங்கில் ஒரு வேலை மட்டும் சொல்கிறேன். முதல் வெட்டில் இசை போடாதீர்கள். ஆறு பேரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரும் கடைசியாகத் திரையில் வந்த நிமிடத்தைக் குறியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் காணாமல்போன ஆள் திரும்பி வரும்போது யாரென்று சனத்துக்கு ஞாபகம் இருக்காது. அவருக்கு ஒரு சின்ன ஷொட் தேடிப் போடுங்கள், கையோ செருப்போ போதும். மொத்தம் 25 நிமிடத்தைத் தாண்டினால் எந்தக் கண்ணியை எடுத்துவிட்டால் சங்கிலி அறாமல் நிற்கிறது என்று பாருங்கள். அந்தக் கண்ணி தேவையில்லை.

முதல் காட்சியை நண்பர்களுக்குப் போடவேண்டாம், கைதட்டிவிட்டுப் போவார்கள். ஒரு மிசிக்கும், கடன் அறவிடப் போகிற ஒரு பொடியனுக்கும், ஒரு துணி வியாபாரிக்கும் போட்டுக் காட்டுங்கள். சிங்கள உபதலைப்பையும் அப்போதே செய்துவிடுங்கள். அம்பாறை டவுனில் காட்டக் கூப்பிட்டால் அன்றிரவே உட்கார்ந்து மொழிபெயர்க்கிற பாடு வேண்டாம்.