லோயர் ஆர்ம் புஷ் மாற்றும்போது செய்யக் கூடாதவை

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் லேசாக ஒரு பக்கம் இழுக்கிறது. ரிவர்ஸ் எடுத்து முதல் கியர் போட்டால் அடியில் ஏதோ நகர்ந்து உட்காருவதுபோல இருக்கிறது. முன்சக்கர இழுவை கொண்ட சிறிய கார்களில் இப்படி வந்தால் முதல் சந்தேகம் லோயர் ஆர்ம் புஷ் மேல்தான். சக்கரத்தைக் கீழ்ப்பக்கமாகப் பாடியோடு பிணைக்கும் கைதான் லோயர் ஆர்ம்; அது பாடியில் மாட்டும் இடத்திலுள்ள ரப்பர் உருளைதான் புஷ். ரப்பர் புஷ் தேய்மானப் பொருள் என்பதால் பல கம்பெனிகளின் வாரண்டியில் அது வராது. வந்தாலும் மொத்த வாரண்டியைவிடக் குறைந்த கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஆகவே செலவு நம் கையிலிருந்துதான். அப்படிச் செலவு செய்து மாற்றிய புஷ் சில மாதங்களிலேயே மறுபடி கிழிந்தால், பழியைப் பொருளின் மேல் போடுகிறோம். பல நேரம் தவறு மாட்டிய விதத்தில் இருக்கும்.

காரின் எடை முழுவதையும் தாங்கியபடி வேலை செய்வதுதான் சஸ்பென்ஷன். நாமோ அதைச் சோதிப்பதும் மாட்டுவதும் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது. இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறுகள் பலவும் இந்த ஒரு முரணிலிருந்து வருகின்றன.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்யாமல் பொருள் வாங்குவதுதான் முதல் தவறு. ‘ஷாக் அப்சார்பர் போயிடுச்சு’ என்ற ஒரு வார்த்தையை நம்பி இரண்டு ஷாக்கையும் மாற்றிய பிறகும் அதே சத்தம் கேட்கும் கார்கள் ஏராளம். முதலில் கரடுமுரடான சாலையில் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக மிதித்துப் பாருங்கள். சத்தம் நின்றால் பிரேக் பேட் அல்லது அதை அழுத்தும் காலிப்பரின் பின் (தண்டு) ஆடுகிறது. சஸ்பென்ஷனைத் தொடவே வேண்டாம். சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் ‘கட கட’ என்று தொடர்ந்து வந்தால் சந்தேகம் லிங்க் ராட் மேல். இடது, வலது சஸ்பென்ஷனை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் நுனியில் மாட்டும் சின்னக் கம்பி அது. அதைச் சோதிக்க ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் ஏமாந்துபோவோம். ஒரு சக்கரம் மேலேயும் மற்றது கீழேயும் இருக்கும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை இழுத்துப் பிடித்திருக்கும். உள்ளே ஆட்டம் இருந்தாலும் கைக்குத் தெரியாது. இரண்டு சக்கரமும் தரையில் சம உயரத்தில் நிற்க, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வைத்து, லிங்க் ராடைக் கையால் பிடித்து உலுக்கினால் தெரிந்துவிடும்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் பகுதியில் ‘டங்’ என்று கேட்டால் ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை மேலே பாடியோடு பிடிக்கும் பகுதி) அல்லது அதன் பேரிங். ஒருவர் ஸ்டியரிங் திருப்ப, இன்னொருவர் காயில் ஸ்பிரிங் மேல் கையை லேசாக வைத்தால் அந்தத் துள்ளல் கைக்குத் தெரியும். ஸ்பிரிங் சுருள்களின் இடையே மட்டும் விரலை விடக் கூடாது. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங்காக இருக்கலாம், ஆர்மின் நுனியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட்டாகவும் இருக்கலாம். உதவிக்கு ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். அப்படியே இருந்தால் பால் ஜாயிண்ட் பக்கம் பாருங்கள். பால் ஜாயிண்ட்டில் ஆட்டம் உறுதியானால் தள்ளிப்போடவே கூடாது. அது கழன்றால் ஓடும் வண்டியில் சக்கரம் மடிந்துவிடும்.

இவை எதுவும் இல்லை, புஷ்தான் என்று உறுதியான பின் அடுத்த கேள்வி: புஷ் மட்டும் போதுமா, முழு ஆர்ம் தேவையா? பல கார்களில் பால் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும். அதன் ரப்பர் பூட் கிழிந்து மண்ணும் தண்ணீரும் உள்ளே போயிருந்தால், அந்த ஆர்மில் புதிய புஷ் அடிப்பது வீண் செலவு. முழு ஆர்மே மாற்றுங்கள். பூட் நன்றாக இருந்து, ஆர்மும் வளையாமல் இருந்தால் புஷ் மட்டும் போதும். பொருளைச் சேசிஸ் எண் சொல்லி வாங்குங்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு ஏற்ப ஆர்ம் மாறியிருக்கும். இடது, வலது குறியையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுவதே சரி. இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது இழுப்பு மிச்சம் இருக்கும்.

பழைய புஷ்ஷைக் கேஸ் வைத்து எரித்து எடுப்பதும், புதியதைச் சுத்தியலால் அடித்து இறக்குவதும் பட்டறைகளில் இன்றும் நடக்கின்றன. தகட்டில் செய்த ஆர்ம் சூட்டில் பலம் குறைந்து வளையும். அடி விழுந்த புஷ்ஷில் ரப்பர் இரும்பிலிருந்து பிரியத் தொடங்கிவிடும். ப்ரஸ் (அழுத்தி இறக்கும் எந்திரம்) உள்ள பட்டறையில் கொடுத்து, ரப்பரைச் சுற்றியுள்ள வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும் அழுத்தம் விழும்படி இறக்கச் சொல்லுங்கள். பின்பக்கப் பெரிய புஷ்ஷின் ரப்பரில் சில கார்களில் வெற்றிடங்கள் இருக்கும். அவை எந்தத் திசை பார்த்து இருந்தன என்று கழற்றும் முன் ஆர்மில் பெயிண்ட் கோடு போட்டு வையுங்கள். திசை மாறினால் புஷ் வளைய வேண்டிய பக்கம் வளையாது. வழுக்குவதற்கு சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ், எஞ்சின் ஆயில், டீசல் எதுவும் வேண்டாம். இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்து இளகிவிடும்.

கழற்றும்போது நட் துருப்பிடித்திருந்தால் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள், ரப்பரில் படாமல். லிங்க் ராட் நட்டைத் திருப்பினால் உள்ளிருக்கும் ஸ்டட்டும் கூடவே சுற்றும். ஸ்டட் நுனியிலுள்ள குழியில் ஆலன் கீ வைத்துப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்ப வேண்டும். பால் ஜாயிண்ட்டை விடுவித்த பிறகு நக்கிளை (சக்கர ஹப்பைத் தாங்கும் பகுதி) வெளிப்பக்கம் இழுத்துவிட்டால், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயிண்ட் கழன்றுவிடலாம். கியர் ஆயிலும் ஒழுகலாம். பிரேக் ஹோஸ் மேல் எடை தொங்கக் கூடாது. கம்பி போட்டுக் கட்டுங்கள். வண்டிக்கு அடியில் ஜாக்கி ஸ்டாண்ட் கட்டாயம். செங்கல், கல் முட்டு எல்லாம் உயிரோடு விளையாடுவது.

இனி, புதிய புஷ்ஷைக் கொல்லும் தவறு.

ரப்பர் புஷ்ஷை பேரிங் போல நினைக்கக் கூடாது. அதன் உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டியே இருக்கும். போல்ட் இறுகியதும் உள்குழாய் பாடியோடு பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். சக்கரம் தொங்கும்போது அந்தப் போல்ட்டை முழுதாக இறுக்கினால், தொங்கும் நிலையே ரப்பரின் ஓய்வு நிலையாகிவிடுகிறது. ஒரு கணக்கு: 350 மி.மீ. நீளமுள்ள ஆர்மின் நுனி 90 மி.மீ. கீழே தொங்கினால் அது சுமார் 15 டிகிரி சாய்ந்திருக்கிறது. வண்டியை இறக்கியதும் ரப்பர் அந்த 15 டிகிரி முறுக்கிக்கொள்கிறது. ராத்திரி பார்க்கிங்கில் நிற்கும்போதும் அதே முறுக்கில்தான் நிற்கிறது. அதற்கு மேல் சாலைப் பள்ளம் வேறு. கிழியாமல் என்ன செய்யும்?

சரியான முறைக்கு ஓர் அளவு நாடா போதும். வேலை தொடங்கும் முன், வண்டி சமதளத்தில் நிற்கும்போது, சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் மாட்டி, புஷ் வழியாகப் போகும் போல்ட்டுகளைக் கையிறுக்கத்தில் மட்டும் விடுங்கள். பிறகு ஆர்மின் கீழ், பால் ஜாயிண்ட் அருகே, இன்னொரு ஜாக்கியை வைத்து மெல்ல ஏற்றுங்கள். ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புக்கு அதே அளவு வந்ததும் நிறுத்தி, அப்போது டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள். வண்டியின் எடை ஸ்டாண்டை விட்டு எழும்புகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். காருக்குக் கார் மாறும். பிராக்கெட்டைப் பாடியோடு பிடிக்கும் போல்ட்டுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. லாக் நட்டுகளைப் புதிதாகவே போடுங்கள்.

வீல் அலைன்மென்ட்டை இந்த வேலைக்கு முன் செய்தால் அந்தப் பணம் போயிற்று. எல்லாம் இறுக்கிய பிறகு செய்யுங்கள். பல சிறிய கார்களில் முன்பக்கம் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் திருத்த முடியும். கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) ஒரு பக்கம் மட்டும் விலகியிருந்தால் ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கலாம். ‘சரி பண்ணிட்டோம்’ என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள், அளவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள்.

வாரண்டி காலம் மிச்சமிருக்கும்போதே சத்தம் தொடங்கினால், புகாரை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். வாரண்டியில் வராது என்றால் காரணத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வெளியே வேலை செய்தால் பொருள் வாங்கிய பில்லையும் கூலி பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

கழற்றிய பழைய புஷ்ஷையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். உள்குழாயைச் சுற்றி வளையமாகக் கிழிந்திருந்தால், முன்பு யாரோ தொங்கும் நிலையில் இறுக்கியிருக்க வாய்ப்பு அதிகம். ரப்பர் பருத்து, நகம் பதியும் அளவுக்கு இளகியிருந்தால் மேலிருந்து எஞ்சின் ஆயிலோ, கிழிந்த டிரைவ் ஷாஃப்ட் பூட்டின் கிரீஸோ அதன் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. அந்த ஒழுக்கை அடைக்காமல் புதிய புஷ்ஷை மாட்ட வேண்டாம்.