தண்டு மேலே, வேர் உள்ளே: என் குளோரியோசம் பிழைத்த விதம்

பிலோடென்ட்ரான் குளோரியோசம் என்ற அலங்கார இலைச்செடி சென்னைக்குத் தாங்காது என்பார்கள். எங்கள் வீட்டில் அதை வாட்டியது ஆழமான தொட்டிதான். கொலம்பியக் காட்டுத் தரையில் படர்ந்து போகிற செடி இது, மரமேறாது. வாங்கும்போதே தண்டைச் செம்மண்ணில் புதைத்திருந்தார்கள். இலைகள் மஞ்சளாகி, தண்டின் பின்முனை கொழகொழவென்று கையோடு வந்தது.

அழுகலைச் சுத்தமான கத்தியால் வெட்டி, வெட்டு காய்ந்ததும் நீளமான, ஆழமில்லாத தொட்டிக்கு மாற்றினேன். தேங்காய் மட்டைத் துண்டு, கரி, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைப் பாறைத் துகள்), கொஞ்சம் மண்புழு உரம். மட்டையை ஊறவைத்து நன்றாக அலசிவிடுங்கள், உப்பு போகட்டும். வேர் மட்டும் உள்ளே. தண்டு மேலேயே கிடக்கவேண்டும்.

உப்பான போர்வெல் தண்ணீரை நிறுத்தி, மாடியில் பிடித்த மழைநீரை ஊற்றினேன். அப்புறம் வந்த இலை சுருள் பிரிந்தபோது வெல்வெட் பச்சை, வெள்ளை நரம்பு, ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. அவ்வளவு அழகு! கிழக்கு ஜன்னல் வெளிச்சம் போதும். ஏசி காற்று மட்டும் நேராகப் படக்கூடாது.