யானைத் தடத்துக்கு கோடு போடுறப்போ பண்ற தப்புங்க

கிருஷ்ணகிரி மாவட்டத்துல தளி, ஜவளகிரி பக்கம் ஐப்பசி கார்த்திகை வந்தாலே பேச்செல்லாம் யானைதான். கர்நாடகாவோட பன்னர்கட்டா காட்டுல இருந்து ராகி கதிர் முத்துற நேரம் பார்த்து கூட்டமா எறங்கும், நொகனூர், ஊடேதுர்க்கம், சானமாவுன்னு துண்டு துண்டா கெடக்குற காட்ட தாண்டி சூளகிரி வரைக்கும் போகும், அறுப்பு முடிஞ்சா திரும்பும். இந்த துண்டுங்கள யானை போற ஒரே தடமா இணைக்கணும்னு ஆரம்பிச்சா மொத தப்பு மேப்லயே நடக்குது. ரெண்டு பச்சைக்கு நடுவுல ஸ்கேல் வெச்சு கோடு போட்டா அது தடமாயிடாது, யானை தண்ணி, தீனி, மறைவு பார்த்து வளைஞ்சு வளைஞ்சு தான் போகும்.

அதவிட பெரிய தப்பு சீசன். சித்திரை வெயில்ல சர்வேக்கு போய்ட்டு ஒன்னும் நடமாட்டம் இல்லன்னு எழுதிடறது. தேன்கனிக்கோட்டை பக்கம் கொல்லை வெச்சிருக்கற எங்க மாமா இதக் கேட்டுட்டு சிரிச்சாரு, "பந்தல பிரிச்ச அப்பறம் மொய் எழுத வந்தா எப்பிடி மாப்ள?" கார்த்திகையில அவரு கொல்லைக்கு போனா சர்வேயே வேணாம், வரப்புல கூடை அளவு யானை லத்தி, ஒடைச்சுப் பார்த்தா செரிக்காத ராகி அப்பிடியே இருக்கும், ஏரி சேத்துல தாய் காலும் குட்டி காலும் பக்கத்து பக்கத்துல.

அடுத்தது வேலி. ஒருத்தர் அகழி வெட்டுனா யானை பக்கத்து கொல்லைக்கு போகும், அவ்ளோ தான். சோலார் வேலி விட்டு விட்டு ஷாக் குடுக்கும், பயந்து ஒதுங்கும். லைன்ல இருந்து நேரா கரண்ட் இழுக்கறது கொலை. 2023 மார்ச்ல தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் அப்பிடி ஒரு வேலியில மூணு யானை செத்துச்சு, ரெண்டு குட்டி மட்டும் தப்பிச்சு நின்னுச்சு, அந்த வீடியோவ முழுசா பார்க்க முடியல என்னால.

புடிச்சு வேற காட்டுல விட்டா ஆச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அதே வருசம் பிப்ரவரியில பாலக்கோடு பக்கம் புடிச்ச மக்னாவ, அதாவது தந்தமில்லாத ஆண் யானைய, ஆனைமலையில இருக்கற டாப்சிலிப் காட்டுல விட்டாங்க, அது நடந்தே கோயமுத்தூர் வந்து நின்னுச்சு.

ரோட்டையும் மறந்துடறாங்க. சானமாவு கிட்ட பெங்களூர் ஹைவே குறுக்க போகுது, ராத்திரி முழுக்க லாரி. மழைத்தண்ணி போற கல்வெர்ட்ட காட்டி இதுவே வழின்னு ரிப்போர்ட்ல எழுதுனா யானை குனிஞ்சா போகும்? யானைக்கு வழின்னா அகலமா, உயரமா, ரெண்டு பக்கமும் மறைவோட இருக்கணும், வாசல்ல தாபா லைட்டு எரியக்கூடாது.

காவேரி வடக்கு சரணாலயம் 2014ல, காவேரி தெற்கு 2022ல வந்துச்சு, தெற்கு மட்டுமே 686 சதுர கிலோமீட்டர், கர்நாடகா பக்கத்து காட்டோட ஒட்டிக்கிச்சு, நல்லது தான். ஆனா சானமாவு மாதிரி துண்டுங்களுக்கு நடுவுல இருக்கறது பட்டா நிலம். அந்த நிலத்துக்காரங்கள தான் கடைசியா கூப்பிடறோம், அதுவும் கையெழுத்துக்கு. எங்க மாமா ஏரிக்கரை ஓரமா பத்தடி விட்டுட்டு தான் இப்பவும் உழுவுறாரு, யானை அதுல தான் போகுது, அந்த பத்தடி எந்த மேப்லயும் இல்ல.