ஓரிடத்தில் நிற்காத இரண்டு பிள்ளைகளைப் போனிலேயே தெளிவாகப் படம் எடுப்பது எப்படி?

ஒரு குழந்தையைப் படம் எடுப்பது வேறு, இரண்டு பேரைச் சேர்த்து எடுப்பது வேறு. அக்கா முகம் பளிச்சென்று விழுந்தால் தம்பி முகம் கலங்கிப் போயிருக்கும். தம்பி சிரிக்கும் நேரம் பார்த்து அக்கா கண்ணை மூடியிருப்பாள். எங்கள் வீட்டுப் படங்கள் நெடுநாள் இப்படித்தான் இருந்தன. அதற்காகப் புதிதாகக் கேமரா எதுவும் வாங்கவில்லை. கையில் இருந்த போனை வைத்தே சரி செய்த வழியை வரிசையாகச் சொல்கிறேன். போனில் சாதாரணமாகப் படம் எடுக்க உங்களுக்குத் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வந்துவிடலாம்.

1. விளையாட்டை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள்

பிள்ளைகளைக் கூப்பிட்டு நிற்க வைக்க வேண்டாம். அவர்களுடைய கட்டைகளையும் கலர் பென்சில்களையும் ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள், அவர்களே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து முகத்தில் விழ வேண்டும். ஜன்னல் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் இரண்டு முகமும் இருட்டடித்துவிடும். அறை விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலமாகவும் தெரியும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், லென்ஸைத் துடையுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் போன் லென்ஸில் கைரேகை இல்லாத நாளே கிடையாது.

2. தரையில் உட்காருங்கள்

போன் அவர்கள் கண் உயரத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான். நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலைதான் பெரிதாகத் தெரியும்.

3. இரண்டு முகமும் தெளிவாக விழ

பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இது. படம் கலங்குவதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. எது காரணம் என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து தேட வேண்டும்.

எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பிள்ளையின் கையோ தலையோ ஒரு திசையில் இழுபட்டு, அசையாத சுவரும் பாயும் தெளிவாக இருந்தால் அது ஷட்டர் வேகம் போதாததால், அதாவது கேமராவுக்குள் வெளிச்சம் விழும் நேரம் நீண்டுவிட்டதால் வந்தது. கணக்குப் போட்டால் எளிதில் புரியும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் குறுக்கே ஓடும் குழந்தை, ஷட்டர் 1/60 நொடி திறந்திருக்கும் நேரத்தில் 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/500 நொடியில் அந்த நகர்வு 6 மில்லிமீட்டர்தான். ப்ரோ மோட் (கேமரா அமைப்புகளை நாமே மாற்றிக்கொள்ளும் வசதி) உள்ள போன் என்றால் ஷட்டரை வீட்டுக்குள் 1/250, வெளியே ஓடும்போது 1/500 அல்லது அதற்கு மேல் வையுங்கள். ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் திறனின் அளவை, தானியங்கியாகவே விட்டுவிடுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும், பரவாயில்லை. புள்ளியோடு வாழலாம், இழுபட்ட முகத்தைப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ப்ரோ மோட் இல்லாத போனில் எளிய வழி வெளிச்சத்தைக் கூட்டுவதுதான். வெளிச்சம் கூடினால் போன் தானாகவே ஷட்டர் வேகத்தை ஏற்றிக்கொள்ளும்.

இழுபடாமல், ஒரு முகம் மட்டும் மெத்தென்று மங்கியிருந்தால் அது ஃபோகஸ் சிக்கல். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் இருக்கிறார்கள் என்று அர்த்தம். போனை மிக அருகில் கொண்டுபோகும்போது இது அதிகமாகும். ஒன்றரை இரண்டு மீட்டர் பின்னால் வாருங்கள். பக்கவாட்டில் நகர்ந்து, இரண்டு முகமும் உங்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும் கோணத்தைப் பிடியுங்கள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடினால், ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தாலே போதும்.

போர்ட்ரெயிட் மோடை இரண்டு பிள்ளைகளுக்கு நான் பயன்படுத்துவதே இல்லை. சற்றுப் பின்னால் இருப்பவரையும் அது பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும், பறக்கும் முடியையும் கன்னாபின்னாவென்று வெட்டும். அகலக் கோண லென்ஸும் வேண்டாம், ஓரத்தில் இருக்கும் பிள்ளையின் முகத்தை அது இழுத்து நீட்டிவிடும். சாதாரண லென்ஸ், இடம் இருந்தால் 2எக்ஸ் ஜூம்.

4. தொடர்ச்சியாக எடுங்கள்

படபடவென்று பல படங்களை அடுத்தடுத்து எடுக்கும் பர்ஸ்ட் வசதியை எல்லாப் போனிலும் ஒரே மாதிரி வைத்திருக்க மாட்டார்கள். சிலவற்றில் ஷட்டர் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும், சிலவற்றில் அழுத்தி ஒரு பக்கமாக இழுக்க வேண்டும். இரண்டு பேர் கண்ணும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் படம் கிடைக்க இதைவிட நல்ல வழி இல்லை. வீடியோ எடுத்து அதிலிருந்து படம் பிரிக்கலாமே என்பார்கள். 4கே வீடியோவின் ஒரு பிரேம் சுமார் 8 மெகாபிக்சல்தான். அதோடு வீடியோவில் ஷட்டர் வேகம் பெரும்பாலும் குறைவாக இருப்பதால் அசைவு கலங்கித் தெரியும். எனக்கு பர்ஸ்ட்தான்.

"இங்கே பாரு, சிரி" என்று சொல்லாதீர்கள். அவர்கள் இருவருக்கும் நடுவில் நடப்பதுதான் படம். தம்பியின் செருப்பு வாரை அக்கா மாட்டிவிடுகிறாள், அவன் விழாமலிருக்க அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொள்கிறான், அவள் வலியில் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே வாரை இழுக்கிறாள். இதைச் சொல்லி நடிக்க வைக்க முடியாது, போனைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.

5. வெளியே போகும்போது

உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும், இருவரும் கண்ணைச் சுருக்குவார்கள். காலையிலோ சாயங்காலமோ போங்கள். மதியம்தான் முடியும் என்றால் மர நிழலின் விளிம்பில் எடுங்கள். இலை இடுக்கில் வெயில் புள்ளிகள் விழும் இடம் கூடாது, முகமெல்லாம் திட்டுத் திட்டாகிவிடும். ஓடுபவர்களைத் துரத்தாதீர்கள். உங்களைப் பார்த்து ஓடி வரச் சொல்லுங்கள், குறுக்கே ஓடுவதைவிட அதில் கலங்கல் குறைவு. தண்ணீர் அருகிலோ சாலையோரத்திலோ இருந்தால் படம் எடுப்பவரைத் தவிர இன்னொரு பெரியவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். திரையைப் பார்ப்பவரால் இரண்டு பிள்ளைகளைக் கவனிக்க முடியாது.

பின்சேர்க்கை: ஷட்டர் வேகத்தைக் கூட்டியதும் படத்தில் கருப்புப் பட்டைகள் விழுகின்றன என்று சிலர் எழுதியிருந்தார்கள். விளக்கொளியில் எடுத்ததால் வந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட்டும் பல எல்ஈடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/120 அல்லது 1/60. இந்த வேகத்தில் ஓட்டம் பிடிபடாது, ஆகவே இரவில் அவர்கள் கதை கேட்கும் நேரம், படம் வரையும் நேரம் என்று பார்த்து எடுங்கள்.

இன்னொன்று: படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரமும் பதிவாகியிருக்கலாம். வெளியாருக்கு அனுப்பும் முன் பகிரும் திரையில் இட விவரத்தை நீக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேமரா அமைப்புகளில் இடக் குறியிடுதலை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்த படங்களில் அது அப்படியே இருக்கும், அவற்றில் தனியாக நீக்க வேண்டும்.