சி டிரைவ் சிவப்பாகிவிட்டதா? சின்ன எஸ்எஸ்டி-யில் இடம் மீட்கும் வழி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பழைய லேப்டாப்புக்கு மறுவாழ்வு கொடுக்க வழக்கமாகச் செய்வது இதுதான்: ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு விண்டோஸை அதில் ஏற்றுவார்கள், அதுதான் சி டிரைவ். பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் கேடி (caddy) என்ற சட்டத்தில் வைத்து மாட்டிவிடுவார்கள், அது டி டிரைவ். நல்ல ஏற்பாடு, மெஷினும் பறக்கும். ஆனால் சில மாதம் போனதும் "அண்ணாச்சி, சி டிரைவு சிவப்பாயிட்டு, ஒண்ணும் ஓடமாட்டேங்குது" என்று அதே மெஷின் திரும்பி வரும். திறந்து பார்த்தால் சி டிரைவ் நிரம்பி வழிகிறது, டி டிரைவில் பாதிக்கு மேல் காலி.

டி டிரைவ் இருப்பது விண்டோஸுக்குத் தெரியும். ஆனால் நாம் சொல்லாதவரை அது எதையும் அங்கே வைக்காது. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே சி டிரைவுக்குள் இருக்கும் போல்டர்கள்தான். அதனால் குப்பையை மட்டும் அள்ளிக்கொண்டிருப்பது, மடையை அடைக்காமல் வயலில் தேங்கிய தண்ணீரை இறைத்து வெளியேற்றுவது போல. இந்தப் பதிவில் அள்ளுவதைச் சுருக்கமாகவும், அடைப்பதை விரிவாகவும் சொல்கிறேன். விண்டோஸ் 11-ஐ வைத்துச் சொல்கிறேன். 10 வைத்திருப்பவர்களுக்கு ஓரிரு இடங்களில் பெயர்தான் மாறும்.

முதலில் ஒரு கணக்கு

பெட்டியில் 120 ஜிபி என்று போட்டிருக்கும், விண்டோஸ் 111 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். அந்த 111-இல் விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் குறைந்தது 25, 30 ஜிபி எடுத்துக்கொள்ளும். அடுத்த அப்டேட்டுக்கென்று 7 ஜிபி அளவுக்குத் தனியாக ஒதுக்கியும் வைத்திருக்கும். அதற்கு மேல் ஆபீஸ், டேலி, பிரவுசர், பிரிண்டர் டிரைவர் எல்லாம் போக உங்கள் கைக்கு வருவது 60 ஜிபி சொச்சம். ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுத்த 64 ஜிபி மெமரி கார்டை அப்படியே டெஸ்க்டாப்பில் காப்பி செய்தால் கதை முடிந்தது.

காலியிடம் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் சி டிரைவின் கீழ் தெரியும் பட்டை சிவப்பாகும். எஸ்எஸ்டி-க்கு அது வெறும் நிறம் அல்ல. புதிதாக எழுதுவதற்கு முன் பழைய தகவலை உள்ளுக்குள்ளேயே நகர்த்தி ஒழுங்கு செய்ய அதற்குக் கொஞ்சம் காலியிடம் வேண்டும். இடம் நெருங்க நெருங்க எழுதும் வேகம் குறையும், தேய்மானம் கூடும். 120 ஜிபி டிரைவில் எப்போதும் 15 முதல் 20 ஜிபி வரை காலியாக இருக்கட்டும்.

படி 1: அழிக்கும் முன் பாருங்கள்

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போங்கள். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வகை வகையாகக் காட்டும். கீழே உள்ள "ஷோ மோர் கேட்டகரீஸ்" என்பதையும் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் திருடன் இங்கேயே அகப்படுவான்.

அகப்படாவிட்டால் விஸ்ட்ரீ என்ற சின்ன மென்பொருள் உதவும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சி டிரைவைத் தேர்ந்து ஸ்கேன் கொடுத்தால் சில நொடிகளில் பெரிய போல்டரிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்திக் காட்டிவிடும். அது பார்ப்பதற்கு மட்டும். அதற்குள்ளேயே டெலிட் வசதியும் உண்டு, ஆரம்பக்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இன்னொன்று. ஹார்ட் டிஸ்க்கில் தவறிப்போய் அழித்த படத்தை ரெக்கவரி மென்பொருள் போட்டு மீட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை எஸ்எஸ்டி-யிடம் வைக்காதீர்கள். அழித்த இடத்தை டிரிம் என்ற கட்டளை வழியாக விண்டோஸ் டிரைவுக்குச் சொல்லிவிடும், டிரைவும் அதைத் துடைத்துவிடும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தபின் பெரும்பாலும் போனது போனதுதான்.

படி 2: பயமில்லாமல் அள்ளக்கூடியவை

அதே ஸ்டோரேஜ் பக்கத்தில் டெம்பரரி ஃபைல்ஸ் என்று இருக்கும். உள்ளே போய் தம்ப்நெயில்ஸ், டெம்பரரி ஃபைல்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ், விண்டோஸ் அப்டேட் கிளீனப் ஆகியவற்றை டிக் செய்து ரிமூவ் கொடுக்கலாம். ரீசைக்கிள் பின்னை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு டிக் செய்யுங்கள். "டவுன்லோட்ஸ்" என்ற வரி இருந்தால் அதை மட்டும் டிக் செய்யாதீர்கள். பையனின் ஹால் டிக்கெட்டும் வீட்டு வில்லங்கச் சான்றும் அங்கேதான் கிடக்கும்.

பெரிய அப்டேட் முடிந்த கையோடு "ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்" என்று ஒரு வரி சில ஜிபி அளவில் நிற்கும். பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டுமானால் தேவைப்படுவது அது. புதியது ஒழுங்காக ஓடினால் அழித்துவிடலாம். விட்டாலும் பத்து நாளில் தானே போய்விடும்.

படி 3: போல்டர்களை டி டிரைவுக்கு மாற்றுவது

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

டி டிரைவில் "டேட்டா" என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். அதற்குள் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் என்று ஐந்து போல்டர்கள். பெயர்களை ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது, சில பழைய மென்பொருட்கள் தமிழ்ப் பெயரைக் கண்டால் மிரளும்.

இனி ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, இடது பக்கம் தெரியும் டாக்குமென்ட்ஸ் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். லொகேஷன் என்று ஒரு டேப் இருக்கும். அதில் மூவ் பொத்தானை அழுத்தி, டி டிரைவில் உருவாக்கிய டாக்குமென்ட்ஸ் போல்டரைக் காட்டி, அப்ளை கொடுங்கள். பழைய ஃபைல்களையும் அங்கே நகர்த்தவா என்று கேட்கும். யெஸ் சொல்லுங்கள். மற்ற நான்குக்கும் இதே வேலைதான்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. வெறும் டி டிரைவையே இடமாகக் காட்டிவிடக் கூடாது, அதற்குள் இருக்கும் போல்டரைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் டி டிரைவ் முழுவதையும் விண்டோஸ் "டாக்குமென்ட்ஸ்" என்று எடுத்துக்கொண்டு குழப்பும். இரண்டாவது, லொகேஷன் பாதையில் ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பு) என்ற பெயர் தெரிந்தால் முதலில் ஒன்டிரைவ் செட்டிங்ஸுக்குப் போய் அந்த போல்டரின் பேக்கப்பை நிறுத்துங்கள், அப்புறம் மாற்றுங்கள். மூன்றாவது, இதை யுஎஸ்பி-யில் செருகும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குச் செய்யாதீர்கள். அதைச் செருகாமல் மெஷினை ஆன் செய்த நாளில் டெஸ்க்டாப்பைக் காணோம் என்று பதறுவீர்கள்.

இரண்டு பருவமழையும் நனைத்துவிட்டுப் போகும் மாவட்டம் நம்முடையது. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கும். பழைய லேப்டாப்பின் பேட்டரியும் பேருக்குத்தான் இருக்கும். ஐம்பது ஜிபி நகரும்போது நடுவில் மெஷின் அணைந்தால் எது போனது எது நின்றது என்று தேடுவது பெரிய பாடு. மழை இல்லாத நாளாகப் பாருங்கள், அல்லது யுபிஎஸ்-இல் போடுங்கள்.

கடைசியாக, ஸ்டோரேஜ் பக்கத்தில் அட்வான்ஸ்டு ஸ்டோரேஜ் செட்டிங்ஸுக்குள் "வேர் நியூ கன்டென்ட் இஸ் சேவ்டு" என்று ஒன்று உண்டு. விண்டோஸ் 10-இல் "மோர் ஸ்டோரேஜ் செட்டிங்ஸ்" என்ற தலைப்பின் கீழ் இருக்கும். அங்கே படம், வீடியோ, பாட்டு எல்லாவற்றுக்கும் டி என்று மாற்றிவிடுங்கள். ஆப்ஸ் மட்டும் சி-யிலேயே இருக்கட்டும். மென்பொருள் வேகமாகத் திறக்கத்தானே எஸ்எஸ்டி வாங்கினோம்.

படி 4: மென்பொருட்கள் தனியாகச் சேர்த்துவைப்பவை

சில மென்பொருட்கள் விண்டோஸின் பேச்சைக் கேட்பதில்லை, தங்களுக்கென்று சி-யில் ஒரு மூட்டை கட்டிவைக்கும்.

குரோமில் செட்டிங்ஸ், டவுன்லோட்ஸ், லொகேஷன் என்று போய் புதிய டவுன்லோட்ஸ் போல்டரைத்தான் காட்டுகிறதா என்று பாருங்கள். டெலிகிராம் வைத்திருந்தால் அதன் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில் டவுன்லோட் பாத் இருக்கும், அதை டி-க்கு மாற்றலாம். அங்கேயே "மேனேஜ் லோக்கல் ஸ்டோரேஜ்" என்பதில் அது எவ்வளவு வரை சேர்க்கலாம் என்று வரம்பும் வைக்கலாம். படங்களுக்கான குழுக்களில் இருப்பவர்களுக்கு இது ஒன்றே பத்து ஜிபி மீட்டுத் தரும். வாட்ஸாப்பில் வீடியோ தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்திவையுங்கள்.

ஸ்டுடியோக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. போட்டோஷாப் திடீரென்று "ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ் ஆர் ஃபுல்" என்று மறித்துக்கொண்டு நிற்கும். ரேம் போதாதபோது அது சி டிரைவைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்துகிறது, அங்கே இடமில்லை என்று பொருள். எடிட், ப்ரிஃபரன்சஸ், ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ் போய் டி-யையும் டிக் செய்யுங்கள். வேகம் சற்றுக் குறையும், ஆனால் ஆல்பம் வேலை நடுவில் நிற்காது. பிரீமியர் வைத்திருப்பவர்கள் அதே ப்ரிஃபரன்சஸில் மீடியா கேஷ் (cache, வேகத்துக்காக அது சேர்த்துவைக்கும் தற்காலிக ஃபைல்கள்) போல்டரை மாற்றி, முடிந்துபோன கல்யாணங்களின் கேஷை அழியுங்கள். அசல் வீடியோவுக்கு ஒன்றும் ஆகாது, தேவைப்பட்டால் கேஷ் மறுபடி உருவாகும்.

இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை நடத்துபவர்களிடம் பார்ப்பது வேறு. ஸ்கேனர் பிஎம்பி-யில், அதாவது படத்தைச் சுருக்காமல் வைக்கும் ஃபைல் வகையில், சேமிக்கும்படி இருக்கும். 300 டிபிஐ கலரில் ஒரு ஏ4 தாள் பிஎம்பி-யாக சுமார் 26 எம்பி வரும். அதே தாள் ஜேபெக்கில் பெரும்பாலும் ஒன்று, இரண்டு எம்பி-யில் அடங்கும். ஸ்கேனர் மென்பொருளில் அந்த ஒரு அமைப்பை மாற்றினால் போதும். வந்தவரின் ஆதார் ஸ்கேனை வேலை முடிந்ததும் அழிப்பது இடத்துக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

படி 5: ஹைபர்னேட் ஃபைல் (இன்னும் இடம் வேண்டுமென்றால் மட்டும்)

திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு மெஷினை அணைக்கும் ஹைபர்னேட் வசதிக்காக விண்டோஸ் பொதுவாக ரேமில் 40 சதவீதம் அளவுக்கு ஒரு ஃபைல் வைத்திருக்கும். 8 ஜிபி ரேம் என்றால் 3.2 ஜிபி. தினமும் ஷட் டவுன் செய்துவிட்டுப் போகும் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் இது தேவையில்லை. பேட்டரி தீரும்போது வேலையைக் காப்பாற்றுவது இதுதான் என்பதால் லேப்டாப்பில் நான் கை வைக்க மாட்டேன்.

எடுப்பதென்றால் ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதைத் தட்டுங்கள். ஃபோனில் சொல்வது போல எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன்: பி, ஓ, டபிள்யூ, இ, ஆர், சி, எஃப், ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு (/), எச், ஒரு இடைவெளி, ஓ, எஃப், எஃப். என்டர். திரும்ப வேண்டுமானால் கடைசிச் சொல்லை ஆன் என்று மாற்றுங்கள். இதை எடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்து போகும், எஸ்எஸ்டி-யில் அது பெரிய இழப்பாகத் தெரியாது.

தொடக்கூடாதவை

விண்டோஸ் போல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று பத்து ஜிபி-க்கு மேல் காட்டும். கண்ணை உறுத்தும். கையால் அழித்தால் விண்டோஸ் எழும்பாமல் போகலாம். அதிலுள்ள பல ஃபைல்கள் வேறு போல்டர்களிலும் இருப்பதாகக் கணக்கில் வருவதால் உண்மையான அளவு காட்டுவதைவிடக் குறைவு. அதில் குறைக்க முடிந்ததை விண்டோஸ் அப்டேட் கிளீனப்பே குறைக்கும். ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ் ஃபைலையும் விட்டுவிடுங்கள், குறிப்பாக 4 ஜிபி ரேம் மெஷினில். டிஃப்ராக் செய்யும் (சிதறிய ஃபைல்களை வரிசையாக அடுக்கும்) வெளி மென்பொருட்களும் "ஒரே கிளிக்கில் வேகம்" என்று விளம்பரம் செய்பவையும் வேண்டவே வேண்டாம். விண்டோஸே வாரம் ஒருமுறை எஸ்எஸ்டி-க்கு வேண்டியதைச் செய்துகொள்ளும்.

இனி தானாக நடக்க

ஸ்டோரேஜ் பக்கத்தில், வேண்டாததைத் தானாக அழிக்கும் ஸ்டோரேஜ் சென்ஸை ஆன் செய்யுங்கள். உள்ளே ரீசைக்கிள் பின் 30 நாள், டவுன்லோட்ஸ் "நெவர்" என்று இருக்கட்டும்.

டி-க்கு மாற்றியதைப் பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஹார்ட் டிஸ்க்குக்கும் வயதாகிவிட்டது. முக்கியமானவற்றுக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும். குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் அந்த வெளி டிஸ்க்கை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள், உப்புக் காற்று கனெக்டரைத் துருப்பிடிக்க வைக்கும்.

இவ்வளவு செய்தும் 15 ஜிபி காலியாக நிற்கவில்லை என்றால் பெரிய எஸ்எஸ்டி வாங்கி, இருப்பதை அப்படியே குளோன் செய்வதே வழி. வாங்கும் முன் உங்கள் மெஷினில் இருப்பது 2.5 இஞ்ச் சாட்டாவா, எம்.2-வா, எம்.2 என்றால் சாட்டாவா என்விஎம்இ-யா என்று தெரிந்துகொள்ளுங்கள் (2.5 இஞ்சும் எம்.2-வும் டிரைவின் வடிவம், சாட்டாவும் என்விஎம்இ-யும் இணைப்பு வகை). எம்.2-இல் இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ஒன்றுக்கு உள்ள ஸ்லாட்டில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்ஸ் என்பதன் கீழ் மாடல் எண் இருக்கும். அதை மொபைலில் படமெடுத்து, லேப்டாப்பின் மாடல் எண்ணோடு கடைக்காரரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.